ஏழாம் பக்கத்தில் இருந்த 90 நாள்

என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் 11 பக்கம். நோட்டீஸ் பீரியட், அதாவது வேலையை விடவோ நீக்கவோ எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது பற்றிய பத்தி ஏழாம் பக்கத்தில் இருந்தது. 2016 ஜூலையில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டபோது நான் அந்தப் பத்தியைப் படிக்கவில்லை. அன்று சேர்ந்தவர்கள் 16 பேர். யாரும் படிக்கவில்லை. எச்.ஆர். அக்கா பின்னால் நின்றுகொண்டு, "எல்லாப் பக்கத்துலயும் கீழ சைன் பண்ணுங்க, ட்ரெயினிங்குக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி என்று ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கிக் கவரில் போட்டு, கவரின் மேல் என் பெயரை எழுதிக்கொண்டார். ரசீது கொடுக்கவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. முதல் வேலை, 9,500 ரூபாய் சம்பளம், முக்கூடலில் இருந்து பஸ்ஸில் போய் வரலாம். அந்தச் சந்தோஷத்தில் எந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

வேலை மெடிக்கல் பில்லிங். அமெரிக்க மருத்துவமனைகள் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அனுப்பும் பில்களில் மறுக்கப்பட்டவற்றைப் பார்த்து, என்ன குறை என்று கண்டுபிடித்து, சரிசெய்து திரும்ப அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு எண் உண்டு. சிஓ 29 என்று வந்தால் அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்று பொருள். வைத்தியம் பார்த்தது உண்மை, செலவானது உண்மை, ஆனால் தேதி போய்விட்டது, பணம் வராது. ஐந்து வருடம் தினமும் இந்த எண்ணைப் பார்த்தேன். மற்றவர்களின் கடிதத்தில் தேதி எங்கே என்று தேடத் தெரிந்த எனக்கு, என் கடிதத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் அம்மாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் என் கதை விளங்காது.

அம்மா பீடி சுற்றுகிறவள். முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். காலையில் சமையலை முடித்துவிட்டு, நனைத்து வைத்த இலையை வெட்டிக்கொண்டு, மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். 1996-ல் இருந்து ஒரே பீடிக்கடையில்தான் இலையும் தூளும் வாங்கினாள். 2018-ல் ஒரு சனிக்கிழமை கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கணக்கப்பிள்ளை, "அடுத்த வாரத்துல இருந்து இலை கிடையாதுக்கா, கடையை மூடுதோம்" என்றார். அவ்வளவுதான். 22 வருடத்துக்கு ஒரே வரி.

அம்மாவோடு அந்தக் கடையில் இன்னும் 13 பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து பீடித் தொழிலாளர் சங்கத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அண்ணாச்சி முதலில் கேட்டது பாஸ் புக்கை. அம்மா பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில் 22 வருடப் பாஸ் புக்கையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். எந்த வாரம் எவ்வளவு இலை, எவ்வளவு தூள், எத்தனை பீடி, எவ்வளவு கூலி என்று எல்லாம் அதில் இருந்தது. அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தில் வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான். 31-வது பிரிவின்படி 6 மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவரைச் சரியான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதக் கூலி கொடுத்தாக வேண்டும். அதுபோக, 5 வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலை முடியும்போது தரும் பணிக்கொடை. பல மாதம் அலைந்தார்கள். ஒரு மாதக் கூலியும் கிராஜுவிட்டியும் வந்தது. (அந்த 1966 சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அப்போது அதுதான் நடைமுறையில் இருந்தது.)

அம்மா எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு மாதம் இருந்தது. அப்போதாவது நான் வீட்டுக்குப் போய் என் 11 பக்கத்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது பீடி, இது கம்ப்யூட்டர் என்று நினைத்துவிட்டேன்.

நோட்டீஸ் என்ற சொல்லை நான் கவனிக்க ஆரம்பித்தது 2020-ல். எங்கள் கிளையன்ட் ஒஹையோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனைக் குழுமம். அங்கே பில்லிங் பொறுப்பில் இருந்த பெண்மணியோடு மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பொங்கல், தீபாவளி எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஷிஃப்டில் நான் அனுப்பிய மெயில் அப்படியே திரும்பி வந்தது, அந்த முகவரியே இல்லை என்று. அன்று காலை அவரை வேலையில் இருந்து எடுத்துவிட்டார்களாம். அவர்கள் நேரப்படி மதியத்துக்குள் லாக்-இன் போய்விட்டது. 14 வருடம் அங்கே வேலை பார்த்தவர்.

எனக்கு நம்ப முடியவில்லை. டீமில் இருந்த சீனியர் அண்ணன்தான் விளக்கினார். அங்கே அதற்குப் பெயர் அட்-வில் எம்ப்ளாய்மென்ட். முதலாளி எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, நோட்டீஸ் இல்லாமலே அனுப்பலாம். அதேபோலத் தொழிலாளியும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். இரண்டு வாரம் முன்னால் சொல்வது அங்கே மரியாதைக்காகச் செய்வது, சட்டம் அதைக் கேட்பதில்லை. இனம், நிறம், மதம், பால் என்று சட்டம் தடுத்த காரணங்களுக்காக நீக்கினால் வழக்குப் போடலாம். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்தமாக ஆட்களை எடுப்பதாக இருந்தால் 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று 1988-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 50 மாநிலங்களில் மொன்டானா ஒன்றில்தான், சோதனைக் காலம் முடிந்தவரை நீக்கத் தக்க காரணம் வேண்டும் என்று 1987-ல் சட்டம் போட்டார்கள். மற்ற இடங்களில் அட்-வில் வழக்கம்தான்.

கேட்டபோது அநியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து என் ஏழாம் பக்கத்தைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. அங்கே கதவில் எந்தப் பக்கமும் தாழ்ப்பாள் கிடையாது. எங்கள் கதவில் தாழ்ப்பாள் எங்களுக்கு மட்டும் இருந்தது. நான் விலகுவதாக இருந்தால் 90 நாள் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மிச்ச நாளுக்குச் "சம்பளம்" கட்ட வேண்டும். கம்பெனி என்னை நீக்குவதாக இருந்தால் 30 நாள் போதும், அல்லது 30 நாள் "அடிப்படைச் சம்பளம்" போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரே பத்தியில் எனக்கு ஒரு சொல், அவர்களுக்கு ஒரு சொல். இந்த இரண்டு சொல்லையும் கவனியுங்கள், பின்னால் வரும்.

இந்தியாவில் அட்-வில் கிடையாது என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் "காரணம் சொல்லாமல் நீக்கலாம்" என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன் 41-வது பிரிவின்படி தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். ஒழுங்கீனம் என்று நீக்குவதாக இருந்தால் விசாரணை வைத்துச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் விசிட்டிங் கார்டில் "லீட்" என்று போட்டிருப்பதால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். தினமும் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள். இந்த 41-வது பிரிவு முதலாளியைக் கட்டுப்படுத்துவது. என்னுடைய 90 நாள் சட்டத்தில் இருந்து வரவில்லை, நான் போட்ட கையெழுத்தில் இருந்து வந்தது.

2021 ஆகஸ்டில் எனக்கு வேறொரு இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் 28,000-ல் இருந்து 41,000. ஆனால் 45 நாளுக்குள் சேர வேண்டும். அந்த ஆஃபரை ஒத்துக்கொள்வதற்கு முன் நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன்: "மிச்ச நோட்டீஸுக்கான பணத்தை நீங்கள் தருவீர்களா?" பல நிறுவனங்கள் தரும், பை-அவுட் என்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டேன். அப்போது, "முன்னாடியே சொல்லியிருந்தா அப்ரூவல் வாங்கியிருப்போமே" என்றார்கள்.

கொரோனாவால் அப்போது வீட்டில் இருந்துதான் வேலை. சாயங்காலம் நான் லேப்டாப்பைத் திறக்கும்போது அம்மா வாசலில் சுளகோடு உட்கார்ந்திருப்பாள். 2019-ல் வேறொரு கடையில் சேர்ந்திருந்தாள். நான் போனில் மேனேஜரோடு பேசியதைக் கேட்டுவிட்டு, "என்னட்டி சொல்லுதாவ?" என்றாள். 90 நாள் இருந்தே ஆகணுமாம் என்றேன். "அவுக அனுப்பணும்னா எத்தன நாளு?" என்று கேட்டாள். 30 என்றேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்பம் அந்தக் காயிதத்தை எடுத்துட்டு வா, பாப்போம்" என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன்.

செப்டம்பர் 6, திங்கட்கிழமை ராஜினாமா மெயில் அனுப்பினேன். சீனியர் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி எழுதினேன். இன்றைய தேதி. பதவியில் இருந்து விலகுகிறேன். என் கடைசி வேலை நாளாக 2021 அக்டோபர் 20-ஐக் கேட்கிறேன். அதுவரை என் வேலைகளை முழுமையாக ஒப்படைப்பேன். மிச்சம் 45 நாளுக்கு ஒப்பந்தப்படி உரிய தொகையைக் கணக்குப் பார்த்துத் தெரிவிக்கவும். அவ்வளவுதான். கோபம், குறை, எமோஷன் எதுவும் அதில் கிடையாது. மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் அனுப்பி, என் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டேன். இந்த ஜிமெயில் பிரதி மிக முக்கியம். கடைசி நாளில் ஆபீஸ் மெயிலை மூடிவிடுவார்கள், நீங்கள் அனுப்பியதற்கு உங்களிடமே சான்று இருக்காது. கிளையன்ட் சம்பந்தப்பட்ட எதையும் அப்படி அனுப்பிவிடாதீர்கள், அது வேறு வம்பு. உங்கள் ராஜினாமா, அதற்கு வந்த பதில், சம்பளச் சீட்டு, லீவ் இருப்பு, இவை மட்டும்.

மறுநாளில் இருந்து போன் வர ஆரம்பித்தது. எதையும் அவர்கள் எழுத்தில் சொல்லவில்லை. "90 நாள் இருக்கலேன்னா ரிலீவிங் லெட்டர் கிடையாது", "அப்ஸ்காண்டிங்னு போட்ருவோம், அப்புறம் எங்கயும் வேலை கிடைக்காது", "சர்டிபிகேட் எங்ககிட்ட இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்." (ரிலீவிங் லெட்டர் என்பது முறையாக விடுவித்துவிட்டோம் என்று கம்பெனி தரும் கடிதம். அப்ஸ்காண்டிங் என்றால் சொல்லாமல் ஓடிப்போனவர்.) பயமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஒவ்வொரு போனுக்கும் ஒரு மெயில் போட ஆரம்பித்தேன். "இன்று மாலை 4 மணிக்குப் பேசியபோது என் சான்றிதழ்களைத் தர இயலாது என்று தெரிவித்தீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று உறுதிப்படுத்தவும்." இப்படி மூன்று மெயில் போனதும் போனில் குரல் மாறியது.

யாரையும் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஆளின் உழைப்பை நம்பிய ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றக் கேட்க முடியாது என்று 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டம் சொல்கிறது. கம்பெனி கேட்கக் கூடியது பணம்தான். அதுவும் ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி நியாயமான இழப்பீடுதான், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. ஆனால் இதை வைத்துக்கொண்டு "வேண்டாம்" என்று ஒருநாள் காலையில் காணாமல் போய்விடாதீர்கள். எங்கள் பேட்சில் ஒரு பையன் அப்படித்தான் போனான். அவன் பேரில் அப்ஸ்காண்டிங் என்று பதிவாகி, அடுத்த கம்பெனியின் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனில் சிக்கி, கிடைத்த வேலையும் போனது. சட்டம் அவன் பக்கம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாதம் வீட்டு வாடகை கட்டப் பணமில்லை. கம்பெனிகளின் உண்மையான பிடி நீதிமன்றத்தில் இல்லை, ரிலீவிங் லெட்டரில் இருக்கிறது. அதனால் சொல்லிவிட்டு, தேதி போட்டு, வேலையை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒப்படைப்பில் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. என்னிடம் முடியாமல் இருந்த 312 கிளெய்மையும் எக்செல்லில் போட்டேன். எந்த இன்சூரன்ஸ், என்ன மறுப்பு எண், கடைசியாக யாரிடம் பேசினேன், கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம். கெடு நெருங்கியவற்றைச் சிவப்பாக்கி மேலே வைத்தேன். அதை வாங்கிக்கொண்ட பெண்ணிடம் "பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி மெயில் வாங்கினேன். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபோது சீரியல் நம்பரோடு போட்டோ எடுத்து, செக்யூரிட்டி ரிஜிஸ்டரிலும் கையெழுத்து வாங்கினேன். "லேப்டாப் வரலை" என்று இரண்டு மாதம் கழித்துப் பணம் பிடித்த கதை எனக்குத் தெரியும்.

கணக்குத் தீர்க்கும் சீட்டு நவம்பரில் வந்தது. மிச்ச நோட்டீஸ் 45 நாள், 28,000 ரூபாய் கணக்கில் 42,000 ரூபாய் நான் தர வேண்டும் என்று இருந்தது. லீவ் இருப்பு 12 நாள், அதைக் காணோம். கிராஜுவிட்டி என்ற வரியே இல்லை.

அம்மாவின் தகரப் பெட்டி இல்லாவிட்டால் கடைசி வரியை நான் கவனித்திருக்க மாட்டேன். 2016 ஜூலையில் சேர்ந்து 2021 அக்டோபரில் விலகினேன், 5 வருடம் தாண்டிவிட்டது. கிராஜுவிட்டி நீக்கப்பட்டவருக்கு மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். தானாக விலகியவருக்கும் உண்டு. அப்போது கணக்கு சுலபம்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, முடித்த வருடங்களால் பெருக்க வேண்டும். எனக்கு அடிப்படை 11,200. ஆக 32,308 ரூபாய். அதற்கான விண்ணப்பத்தை, அப்போது "ஃபார்ம் ஐ" என்றார்கள், நிரப்பி அனுப்பினேன். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் பாக்கியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. தொழிலாளியின் கிராஜுவிட்டியில் கைவைக்கச் சட்டம் சில ஒழுங்கீனங்களை மட்டும்தான் காரணமாக ஏற்கிறது, சீக்கிரம் விலகியது அந்தப் பட்டியலில் இல்லை.

42,000-க்கு, அந்த இரண்டு சொல்லை வைத்து எழுதினேன். அதே பத்தியில் நீங்கள் எனக்குத் தருவதற்கு அடிப்படைச் சம்பளம் என்றும், நான் தருவதற்கு வெறும் சம்பளம் என்றும் இருக்கிறது, சம்பளம் என்றால் எது என்று ஒப்பந்தத்தில் எங்கும் சொல்லவில்லை, இருவருக்கும் ஒரே அளவு வைத்தால் 11,200 கணக்கில் 45 நாளுக்கு 16,800 ரூபாய், அதில் என் 12 நாள் லீவுக்கு 4,480-ஐக் கழித்தால் 12,320, அதைத் தருகிறேன். மூன்று வாரம் பதில் இல்லை. நானும் வாரம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியில் 12,320-க்கு ஒத்துக்கொண்டார்கள். நான் சட்டப்படி முழுக்கச் சரியா என்று ஒரு வக்கீல் வாதாடலாம். ஆனால் தேதியோடு எழுத்தில் கேட்கிற ஆளிடம் வம்பு வளர்க்க அவர்களுக்கும் நேரமில்லை.

சர்டிபிகேட் மட்டும் வரவில்லை. "தேடிட்டு இருக்கோம்" என்றார்கள். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு. இது நம் ஊரில் எத்தனை பெண்களுக்குத் தெரியும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்து ஒரு வக்கீல் கடிதம் போனது. 9 நாளில் கவர் வந்தது, மேலே 2016-ல் எழுதிய என் பெயரோடு. இனி யார் கேட்டாலும் ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

பி.எப்-பில் ஒரு விஷயம். விலகிய தேதியைப் பழைய கம்பெனி போடாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் உங்கள் யுஏஎன் (பி.எப். உறுப்பினர் எண்) கணக்கில் நுழைந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் போட்டேன்.

இப்போது சட்டங்கள் மாறியிருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பின் 17-வது பிரிவின்படி ஒருவரை நீக்கினாலும் சரி, அவரே விலகினாலும் சரி, அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். என் காலத்தில் நவம்பர் வரை காத்திருந்ததை நினைத்தால் இது பெரிய விஷயம். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்பட்டவருக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி உரிமையும் வந்திருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது மட்டும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

புதுக் கம்பெனியில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது ஒரு நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்தார்கள். நோட்டீஸ் எனக்கு 60 நாள், அவர்களுக்கு 30 நாள் என்று இருந்தது. இருவருக்கும் ஒன்றாக வைக்க முடியுமா என்று மெயிலில் கேட்டேன். ஆஃபரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களோ என்று கை நடுங்கத்தான் அனுப்பினேன். மறுநாள் 60-க்கு 60 என்று திருத்தி அனுப்பிவிட்டார்கள்.

2023 நவம்பரில் சித்தி மகன் சென்னையில் இருந்து போன் செய்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனி, 4 வருடம் 2 மாதம் வேலை பார்த்திருந்தான். பாத்ரூமில் நின்று பேசுகிறேன் என்றான். எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, ராஜினாமாக் கடிதத்தை அவர்களே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்களாம். "நீயா எழுதிக் கொடுத்தா நல்ல லெட்டர் தருவோம், இல்லேன்னா டெர்மினேஷன்னு போடுவோம், யோசிச்சுக்கோ, அஞ்சு மணிக்குள்ள."

"எல, சைன் பண்ணிராத" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவன் செய்தது எழுத்து வேலை, மேலாளர் வேலை இல்லை. ஆள்குறைப்பு என்று நீக்கினால், ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளமும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப் பிரிவு அப்போது சொன்னது. (இப்போதைய தொழில் உறவுத் தொகுப்பிலும் அது தொடர்கிறது.) ஆனால் "நானே விலகுகிறேன்" என்று எழுதிவிட்டால் அது ஆள்குறைப்பே ஆகாது. ஒரு கையெழுத்தில் எல்லாம் போய்விடும். "நான் விலக விரும்பல, நிர்வாகம் நீக்குறதா இருந்தா எழுத்துல குடுங்கன்னு மெயில் போட்டுட்டு உன் சீட்ல போய் உக்காரு" என்றேன். டெர்மினேஷன் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று அழுதான். ஆள்குறைப்பு என்று எழுதினால் அதில் அவன் தப்பு எதுவும் இல்லை, எந்த இன்டர்வியூவிலும் தலை நிமிர்ந்து சொல்லலாம் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்து மணி தாண்டியது. இரவு எட்டு மணி வரை உட்கார வைத்துப் பேசினார்கள். அவன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வாரம் ஆள்குறைப்புக் கடிதம் வந்தது. ஒரு மாதச் சம்பளமும் 4 வருடத்துக்கான இழப்பீடும் கணக்கில் ஏறின.

பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா வாசலில் சுளகோடுதான் இருந்தாள். "பெரியம்மா, இதை உங்க பெட்டியில வைங்க" என்று அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸைக் கொடுத்தான். அம்மா தூள் படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அவளுடைய பாஸ் புக்குகளுக்கும் என் ஒப்பந்தத்துக்கும் நடுவில் வைத்து, ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டாள்.